மருந்துக்கு அடங்காத கிருமியும் அதனைத் தின்னும் வைரஸும்

2015ஆம் ஆண்டில் அறிவியல் சஞ்சிகையொன்றில் ஐக்கிய அரபு அமீரகம் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. எண்ணெய் விலையோ வானளாவிய கட்டடங்களோ அதன் பொருளன்று. அந்நாட்டில் வயோதிப நோயாளி ஒருவரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பற்றீரியா, விற்பனையிலுள்ள அன்ரிபயோற்றிக் மருந்துகளுள் ஒன்றுக்கேனும் அடங்கவில்லை என்பதே அக்கட்டுரை கூறிய செய்தி. சவூதி அரேபியாவைச் சேர்ந்த ஹொசாம் சொவாவி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் அப்பற்றீரியாவின் மரபுப் பொருள் முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தனர். எம்மருந்துக்கும் மசியாத இவ்வகைப் பற்றீரியா ஒன்றின் மரபேடு முழுமையாகப் படிக்கப்பட்டது உலகில் அதுவே முதற்றடவை.

அவர்கள் கண்டது வியப்புக்குரியது. கடைசிக் கட்டத்தில் மட்டும் கொடுக்கப்படும் கார்பபெனெம் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி ஒன்றை உண்டாக்கும் மரபணு, அக்கிருமியின் உடலுள் இடத்துக்கிடம் தாவிச் சென்று மூன்று படிகளாகப் பெருகியிருந்தது. தாவிய ஓரிடத்தில் அது வேறொரு மரபணுவின் நடுவே விழுந்து அதனை உடைத்துவிட்டது. அவ்வுடைப்பின் பயனாகக் கொலிஸ்ரின் என்னும் மற்றொரு கடைசி மருந்தும் பலனற்றுப் போயிற்று. ஒரே தாவலில் இரண்டு கதவுகள் அடைபட்டன. அந்நொதியின் வகை முதன்முதலாக அறியப்பட்ட நாடு இந்தியா.

இவ்விடயம் எமது வாசகர்களுக்கு ஏன் என்று கேட்கக்கூடும். ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் வந்து சேருமுன் சவூதியிலும் குவைத்திலும் கட்டாரிலும் சில காலம் உழைத்தவர்கள் எம்மிடையே பலர். இன்றும் அண்ணனோ மைத்துனனோ அங்கே கட்டட வேலையிலோ வீட்டு வேலையிலோ இல்லாத குடும்பம் குறைவு. மக்கள் செல்லும் வழியிலேயே கிருமியும் செல்கின்றது. அதற்குக் கடவுச்சீட்டும் இல்லை, விசா மறுப்பும் இல்லை.

இக்கதையின் முக்கியமான ஓர் அத்தியாயம் சென்னையில் எழுதப்பட்டது. 2008இல் புதுடில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம், கார்பபெனெம் மருந்துகளை அழிக்கும் புதிய நொதி ஒன்று முதலில் அறியப்பட்டது. இரண்டாண்டுகளின் பின், 2010 ஓகஸ்டில், அந்நொதியைக் கொண்ட கிருமிகள் எங்கெங்கு உள்ளன என்ற ஆய்வு 'லான்செற்' குழுமத்தின் தொற்றுநோய்ச் சஞ்சிகையில் வெளியானது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, அரியானாவில் 26, பிரித்தானியாவில் 37 என அவ்வகைக் கிருமிகள் எண்ணிக் காட்டப்பட்டன. நொதிக்குப் புதுடில்லியின் பெயர் சூட்டப்பட்டதால் இந்தியாவில் பெரும் சினம் எழுந்தது. 'லான்செற்' சஞ்சிகையின் ஆசிரியரே 2011இல் பெயரிட்டது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். பெயரைப் பற்றிய சண்டையில் கிருமியைப் பற்றிய செய்தி பின்தள்ளப்பட்டது என்பது எமது எண்ணம்.

அதே காலப்பகுதியில் வளைகுடாவிலும் இதே கிருமிகள் வேரூன்றிவிட்டன. அமீரகத்தின் அல் ஐன் நகரிலுள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சவூதி, குவைத், ஓமான், அமீரகம் ஆகிய நாடுகளின் வைத்தியசாலைகளில் 2009 முதல் 2011 வரை சேகரித்த கிருமிகளை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டனர். புதுடில்லிப் பெயர் கொண்ட அந்நொதியும், மத்தியதரைக்கடல் நாடுகளில் அறியப்பட்ட இன்னொன்றும் அங்கே முன்னணியில் இருந்தன.

கிருமி வந்தது ஒரு பக்கம். அது வளர்வதற்கு நிலம் பண்படுத்தியவர்கள் மனிதர்களே. 2010இல் அபுதாபியிலும் 2011இல் றியாத்திலும் வெளியான இரு ஆய்வுகள் மருந்துக்கடைகளைச் சோதித்தன. அபுதாபியில் அன்ரிபயோற்றிக் விற்பனையின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வைத்தியரின் சீட்டின்றியே நடந்தது; றியாத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட கடைகள் சீட்டின்றியே அன்ரிபயோற்றிக் விற்றன. சவூதி அரேபியா 2018இல்தான் தடையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கிற்று. ஆயினும் கடைக்காரரை மட்டும் நோவதில் நியாயமில்லை. வைத்தியரிடம் சென்றால் ஒரு நாட் சம்பளம் போய்விடும் என்று அஞ்சும் தொழிலாளி, ஊரிலிருந்து திரும்பும்போது பயணப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த குளிசைகளில் நான்கைப் போடுகின்றான். காய்ச்சல் தணிந்ததும் மீதியை அறைத் தோழனுக்குக் கொடுக்கின்றான். சளிக்காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். அதற்கு அன்ரிபயோற்றிக் எவ்விதத்திலும் உதவாது. ஆனால் குடலில் வாழும் பற்றீரியாக்கள் அந்த நான்கு குளிசைகளிலிருந்தும் பாடம் கற்றுக்கொள்கின்றன.

2022இல் வெளியான உலகளாவிய கணிப்பொன்றின்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாகப் பன்னிரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பகைவனுக்குப் பகைவன்

முள்ளை முள்ளால் எடுப்பது எம்மவர் அறிந்த வழி. பற்றீரியாவுக்கும் அத்தகைய முள் ஒன்று இயற்கையிலேயே உண்டு. பற்றீரியாவை மட்டுமே தாக்கி வாழும் வைரஸ்கள் அவை. 'பற்றீரியோபேஜ்' என்னும் அவற்றின் பெயருக்குப் பற்றீரியாவைத் தின்பது என்று பொருள். இங்கே நாம் அவற்றைத் தின்னி வைரஸ் என்றே குறிப்பிடுவோம். ஆற்று நீர், மண், கழிவு வாய்க்கால், எமது குடல் என்று பற்றீரியா வாழும் இடமெங்கும் அவை உள்ளன.

தின்னி வைரஸ் தனக்குரிய பற்றீரியாவின் மேற்பரப்பில் குறிப்பிட்ட ஒரு பிடியைத் தேடிப் பற்றிக்கொள்கின்றது. பிடி பொருந்தாவிட்டால் அது ஒன்றும் செய்வதில்லை. மனித உயிரணுவையும் அது தீண்டுவதில்லை. பொருந்தினால் தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்துகின்றது. அரை மணி நேரமளவில் அப்பற்றீரியாவின் உடலே தின்னிகளைச் செய்யும் தொழிற்சாலையாகி, நூறளவான குஞ்சுகளை ஈன்று வெடித்துச் சிதறுகின்றது. அக்குஞ்சுகள் அடுத்த பற்றீரியாவைத் தேடிச் செல்கின்றன. பற்றீரியா உள்ளவரை பெருகி, அது தீர்ந்ததும் தானும் அற்றுப்போகும் மருந்து வேறு எது?

1896இல் ஆக்ராவில் பணியாற்றிய ஹான்கின் என்ற பிரித்தானியர், கங்கை, யமுனை நீரில் வாந்திபேதிக் கிருமி விரைவில் இறப்பதையும், நீரைக் கொதிக்க வைத்தால் அவ்வாற்றல் நீங்குவதையும் எழுதி வைத்தார். அது தின்னி வைரஸின் வேலைதானா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1915இல் லண்டனில் றுவோர்ட் என்பவர் இவற்றின் தடயத்தைக் கண்டார். 1917இல் பாரிஸ் பாஸ்ரர் நிலையத்தில் பெலிக்ஸ் டெரெல் அவற்றுக்குப் பெயரிட்டு, நோய் தீர்க்கவும் துணிந்தார். 1919இல் வயிற்றுளைவால் வருந்திய சிறுவனுக்குக் கொடுக்குமுன் தானும் வைத்தியசாலை ஊழியர்களுமாக அதனைக் குடித்துப் பார்த்தார்கள். 1925இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில், சுயஸ் கால்வாய் வழியாக வந்த கப்பலொன்றின் பிளேக் நோயாளர் நால்வருக்கு ஊசி மூலம் ஏற்றினார், நால்வரும் பிழைத்தனர். 1927இல் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டுப் பஞ்சாப்பில் வாந்திபேதிக்கு எதிராகவும் முயன்றார்.

இவ்வளவு இருந்தும் இம்மருத்துவம் மறைந்தது ஏன்? பெனிசிலின் வந்தது. அது பல கிருமிகளை ஒருங்கே கொன்றது, பாதுகாத்து வைக்க எளிது, இலாபமும் பெரிது. மேற்குலகு தின்னிகளை மறந்தது. அவற்றை மறவாதிருந்தது ஜோர்ஜியாவின் தலைநகர் திபிலிசி. டெரெலின் நண்பர் ஜோர்ஜ் எலியாவா அங்கே 1923இல் நிறுவிய ஆய்வுநிலையம் இன்றும் இயங்குகின்றது. நிறுவியவரை 1937இல் ஸ்ராலின் ஆட்சி சுட்டுக் கொன்றது.

போர்ப் புண்ணிலிருந்து வந்த பாடம்

மேற்குலகு மீண்டும் விழித்துக்கொண்டதற்கு வளைகுடாப் போர்க்களமும் ஒரு காரணம். 2003இல் தொடங்கிய ஈராக் போரில் காயமடைந்த அமெரிக்கப் படையினரின் புண்களில் அசினற்றோபக்ரர் என்னும் பிடிவாதமான பற்றீரியா குடியேறிற்று. ஈராக், குவைத், ஆப்கானிஸ்தான் களங்களிலிருந்து ஜேர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்டோரிடையே அது பரவியது. 2002க்கும் 2004க்கும் இடையில் இராணுவ வைத்தியசாலைகளில் நூற்றுக்கு மேற்பட்டோரின் குருதியில் அக்கிருமி இருந்ததாகப் பதிவாகியுள்ளது. வேறு வழி தேடிய அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வுநிலையம் அதற்குரிய தின்னி வைரஸ்களைச் சேகரிக்கத் தொடங்கிற்று.

அச்சேகரிப்பு ஒரு பேராசிரியரின் உயிரைக் காத்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த தொம் பற்றர்சன் 2015 நவம்பரில் எகிப்தில் விடுமுறையைக் கழிக்கையில் நோயுற்றார். வயிற்றினுள் இருந்தது அதே அசினற்றோபக்ரர். ஜேர்மனி வழியாகச் சான் டியாகோவுக்குக் கொண்டுவரப்பட்டபின் எல்லா மருந்தும் தோற்று அவர் ஆழ்மயக்கத்தில் வீழ்ந்தார். தொற்றுநோயியல் அறிஞரான அவரது மனைவி ஸ்ரெபனி ஸ்ராத்டீ பழைய ஏடுகளைப் புரட்டித் தின்னி வைரஸைக் கண்டறிந்து உலகெங்கும் கடிதம் எழுதினார். ரெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றும் கடற்படையும் உதவின. 2016 மார்ச்சில் அவை ஏற்றப்பட்டன. சில நாட்களில் பற்றர்சன் கண்விழித்தார்.

எமது கட்டுரையின் கருப்பொருள் இங்கேதான் தொடங்குகின்றது. கண்விழித்ததோடு கதை முடியவில்லை. ஏறத்தாழ ஒரு வாரத்தில் அக்கிருமி தின்னிகளிடமிருந்தும் தப்பப் பழகிவிட்டது. வேறு தின்னியைத் தேடிச் சேர்த்தார்கள். கூடவே மினோசைக்கிளின் என்னும் பழைய அன்ரிபயோற்றிக்கைக் கொடுத்தார்கள். தனித்து நின்றபோது தோற்ற அம்மருந்து, தின்னியுடன் சேர்ந்து நின்றபோது வேலை செய்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் அவர் வீடு திரும்பினார்.

இருதலைக்கொள்ளி எறும்பு

இரண்டும் சேர்ந்தால் ஏன் வலிமை கூடுகின்றது? மிகத் தெளிவான விடையை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 2016இல் தந்தனர். புண்களிலும் நுரையீரலிலும் குடியேறும் சூடோமோனாஸ் என்னும் பற்றீரியா, உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் யந்திரம் ஒன்றைத் தன் சுவரில் வைத்திருக்கின்றது. கனெற்றிகட் மாநிலக் குளமொன்றின் நீரிலிருந்து அவர்கள் எடுத்த தின்னி வைரஸ், அந்த யந்திரத்தின் வாயையே தன் பிடியாகக் கொள்கின்றது. பற்றீரியா பிழைக்க வேண்டுமாயின் யந்திரத்தை மாற்றியோ கழற்றியோ விட வேண்டும். அவ்வாறு செய்தால் தின்னி பற்றாது. ஆனால் மருந்தை வெளியே இறைக்கவும் முடியாது. யந்திரத்தை வைத்திருந்தால் மருந்தால் சாகாது, தின்னியால் சாகும். இருதலைக்கொள்ளி எறும்பு என்பது இதுதான். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியில் பொருத்திய செயற்கைக் குழாயில் ஆண்டுக்கணக்காகச் சீழ் பிடித்திருந்த 80 வயதுக் கண் மருத்துவர் ஒருவருக்கு, இத்தின்னியும் செப்ராசிடிம் என்ற மருந்தும் 2016இல் ஒன்றாகச் செலுத்தப்பட்டன. பின்னர் அவர் மருந்தை நிறுத்தியும் தொற்றுத் திரும்பவில்லை.

வேறொரு வழியும் உண்டு. 2007இல் பிரான்சில் பணியாற்றிய ஆய்வாளர் குழுவொன்று, கொல்லப் போதாத சிறிய அளவில் பெனிசிலின் குடும்பத்தோடு உறவுடைய மருந்துகளைக் கொடுத்தபோது பற்றீரியா பிரியமுடியாமல் நீண்டு பருப்பதைக் கவனித்தது. பருத்த உடலில் தின்னிகள் முன்னிலும் பலமடங்கு குஞ்சு பொரித்தன. ஒரு மருந்தோடு ஏழு மடங்குக்கு மேல். மூன்றாவது வழி புண்களுக்குரியது. எலும்பிலும் செயற்கை மூட்டிலும் பற்றீரியாக்கள் பசை போன்ற படலத்தைப் பூசிக்கொண்டு அதனுள் ஒளிந்திருக்கும். மருந்து உள்ளே புகாது. சில தின்னிகள் அப்பசையைக் கரைக்கும் நொதியுடனேயே வருகின்றன.

ஆனால் எந்த மருந்தும் எந்தத் தின்னியுடனும் சேரும் என்று எண்ணிவிடலாகாது. தின்னி பெருகுவதற்குப் பற்றீரியாவின் புரதத் தொழிற்சாலை வேண்டும். அத்தொழிற்சாலையை நிறுத்தும் மருந்துகள் தின்னியின் கையையும் கட்டிவிடக்கூடும். அப்படியாயின் பற்றர்சனுக்கு உதவிய மினோசைக்கிளின்? அதுவும் அவ்வகையைச் சேர்ந்ததே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே பொருந்தும். ஒவ்வொரு நோயாளியின் கிருமியையும் எடுத்து, இந்தத் தின்னி, இந்த மருந்து, இந்த அளவு என்று ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

குண்டுவெடிப்பில் காயமுற்று, எலும்பில் சீழோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களை எம்மவர் அறிவர். ஆகவே பிறசல்சில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகக் கூறுகின்றோம். 2016 மார்ச் 22ஆம் திகதி அந்நகர விமான நிலையக் குண்டுவெடிப்பில் 30 வயதுப் பெண்ணொருவரின் தொடை எலும்பு முறிந்தது. முறிவில் குடியேறியது, அமீரக நோயாளியிடம் கண்ட அதே இனமான கிளெப்சியெல்லா. அதுவும் மருந்தெதற்கும் அடங்காத வகை. 700 நாட்களுக்கு மேல் அன்ரிபயோற்றிக் கொடுத்தும் பயனில்லை. திபிலிசியின் எலியாவா நிலையத்தில் அவரது கிருமியுடனேயே மீண்டும் மீண்டும் வளர்த்துக் கூர்மைப்படுத்திய தின்னி வைரஸ், 2018இல் அவரது காயத்தில் செலுத்தப்பட்டது. அன்ரிபயோற்றிக் மருந்துகளும் உடன் கொடுக்கப்பட்டன. தொற்று அடங்கியது, எலும்பு பொருந்தியது. மூன்றாண்டுகளின் பின் அவர் நடக்கவும் சைக்கிளோடவும் செய்தார் என்று 2022இல் வெளியான அறிக்கை கூறுகின்றது.

பெல்ஜிய இராணுவ வைத்தியசாலை ஒன்றினூடாக ஒழுங்கு செய்யப்பட்ட 100 சிகிச்சைகளின் விபரம் 2024இல் வெளிவந்தது. நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் கூடுதலானோரின் நிலை தேறியது. ஏறத்தாழ 61 சதவீதத்தினரிடம் கிருமி முற்றாக ஒழிந்தது. அன்ரிபயோற்றிக் சேர்க்காமல் தின்னியை மட்டும் பெற்றவர்களிடமோ கிருமி ஒழியும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவை வைத்து நடத்திய சோதனை இதுவன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அத்தகைய பெரிய சோதனைகள் இன்னும் போதாது. உலகின் பெரும்பாலான நாடுகளில் இது உரிமம் பெற்ற மருந்தாக இல்லாமைக்கு அதுவும் காரணம்.

தமிழகத்திலும் இவ்வேலை நடைபெறுகின்றது. வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இரமேஷ் நாச்சிமுத்துவின் ஆய்வுக்குழு, மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளுக்குரிய தின்னிகளைத் தேடி ஆராய்ந்து வருகின்றது. தின்னியும் அன்ரிபயோற்றிக்கும் சேர்ந்தால் சிற்றோபக்ரர் இனக் கிருமி ஒன்று எவ்வாறு அழிகின்றது என்பதை 2022இல் அக்குழுவினர் வெளிநாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து எழுதினர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கோபால் நாத் குழுவினர் நெடுநாளாக ஆறாத புண்களில் தின்னிகளைத் தடவிப் பார்த்து, பலருக்குப் புண் ஆறியதை 2019இல் அறிவித்தனர். நீரிழிவு மலிந்த வளைகுடாவில், வெயிலில் நின்று உழைத்துக் காற்புண்ணோடு அலையும் எம்மவரை நினைக்கையில் இவ்வாய்வு தனிக் கவனத்துக்குரியது.

வளைகுடா நாடுகளின் சாதாரண வைத்தியசாலையொன்றில் கேட்டவுடன் கிடைக்கும் சிகிச்சையாக இது இன்னும் வரவில்லை. ஆனால் டுபாயிலிருந்து திபிலிசிக்கு நான்கு மணி நேரத்துக்குள் நேராகப் பறந்துவிடலாம். எலியாவா நிலையம் வெளிநாட்டு நோயாளரையும் ஏற்கின்றது; 2016இல் புதுடில்லியிலிருந்து சென்று நலமடைந்த ஒருவர், இந்தியாவிலிருந்து மற்றையோரும் அங்கு செல்ல வழிகாட்டும் நிறுவனம் ஒன்றையே தொடங்கினார். செலவு சாதாரணத் தொழிலாளியின் கைக்கு எட்டுவதன்று. வழியில் தரகர்கள் முளைப்பதற்கும் இடமுண்டு. கிருமியின் மாதிரியைக் கேட்காமலே எந்த நோய்க்கும் தின்னி தருவோம் என்று ஒருவர் சொல்வாராயின், பூட்டைப் பாராமல் திறப்பு வெட்டித் தருவோம் என்பதற்கு அது ஒப்பாகும்.

அங்கே உறவினர் உள்ள குடும்பங்கள் தொலைபேசியில் சொல்லிவைக்கக்கூடியது ஒன்றுண்டு. புண்ணோ சிறுநீர்த் தொற்றோ இரண்டாம் முறை திரும்பி வந்தால், மருந்துச் சீட்டுக்கு முன்பே கிருமி வளர்ப்புப் பரிசோதனை செய்யும்படி வைத்தியரைக் கேட்க வேண்டும். முந்திய ஓராண்டில் சென்னை, கொழும்பு, டுபாய் என்று எந்த வைத்தியசாலையில் தங்கியிருந்தாலும் அதனைச் சொல்ல வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பது அந்த அறிக்கையில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அதன் பிரதியொன்றைக் கடவுச்சீட்டோடு வைத்திருப்பது நன்று. திபிலிசியிலோ பிறசல்சிலோ வேலூரிலோ எவரேனும் தின்னி தேட முற்பட்டால், முதலில் கேட்பது அந்தத் தாளையும் அந்தக் கிருமியையும்தான்.